சரியாக ஓடும், தவறாகச் சொல்லும்

சராசரி போடும் சின்ன புரோகிராம்தான். அதில் ஒளிந்திருக்கும் பிழை மாணவரின் மார்க்கையும் மாற்றும், அரசுகளின் கொள்கை விவாதத்தையும் மாற்றும். அதைப் பிடிப்பது எப்படி?

தாமஸ் ஹெர்ன்டனுக்குக் கிடைத்தது ஒரு வீட்டுப்பாடம். ஏற்கெனவே வெளியான ஒரு பொருளாதாரக் கட்டுரையை எடுத்து, அதன் கணக்குகளைத் தானே போட்டுப் பார்த்து, அதே விடை வருகிறதா என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹெர்ன்டன் தேர்ந்தெடுத்தது சாதாரணக் கட்டுரை அல்ல. கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரும் பொருளாதார நிபுணர்கள் 2010-ல் எழுதியது. ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றது அந்தக் கட்டுரை. அப்படிப்பட்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று கணக்கும் காட்டியது. செலவைக் குறை, கடனைக் கட்டு என்று வாதாடிய அரசியல்வாதிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்த எண்ணை மேற்கோள் காட்டினார்கள்.

ஹெர்ன்டன் எத்தனை முறை போட்டாலும் அந்த விடை வரவில்லை. தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்தார். கடைசியில் கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்கள் தாங்கள் பயன்படுத்திய எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். திறந்து பார்த்தவருக்கு அதிர்ச்சி. 30-வது வரியில் தொடங்கி 49-வது வரி வரை சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டிய சூத்திரம் 44-வது வரியிலேயே நின்றுபோயிருந்தது. 20 நாடுகளில் ஐந்து விட்டுப்போயிருந்தன: ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க்.

கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. தரவும் தராது. 15 வரிகளைக் கொடுத்துச் சராசரி கேட்டார்கள், அந்த வரிகளின் சராசரியைச் சொன்னது. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

2013 ஏப்ரலில் இந்த விஷயம் வெளியானபோது உலகப் பத்திரிகைகள் பரபரத்தன. ஆனால் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். லூப் ஒன்றிரண்டு வரி முன்பே நின்றுபோவது அவர்கள் தினமும் பார்க்கிற தப்பு.

பத்து வரியில் பாடம்

புரோகிராமிங் பழகுகிற எவருக்கும் முதல் மாதத்திலேயே வந்து சேரும் பயிற்சி ஒன்று உண்டு. சில எண்களை வாங்கிக்கொள், கூட்டுத்தொகை, சராசரி, மிகப் பெரியது, மிகச் சிறியது, இடைநிலை அளவு, திட்ட விலக்கம் ஆகியவற்றைச் சொல். தமிழ்நாட்டில் 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பிளஸ் 1 கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் மொழியும், அடுத்த ஆண்டு பிளஸ் 2-வில் பைத்தானும் இடம்பெற்றன. சி.பி.எஸ்.இ. பிளஸ் 1 பாடத்தில் பைத்தானின் புள்ளியியல் தொகுப்பே வருகிறது. மொழி எதுவானாலும் இந்தப் பயிற்சி தப்பாது. இதில் வரும் பிழைகளும் தப்பாது.

பிழைகளில் மூன்று ரகம். முதல் ரகம் இலக்கணப் பிழை. அடைப்புக்குறி விட்டுப்போனாலோ, அரைப்புள்ளி மறந்தாலோ புரோகிராம் ஓடவே ஓடாது. இரண்டாவது, ஓடும்போது வெடிப்பது. யாரும் எண்ணே தராவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது, புரோகிராம் நின்றுவிடும். இரண்டும் எரிச்சல் தரும், ஆனால் ஆபத்தில்லை. தப்பு நடந்தது உடனே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது ரகம்தான் வில்லன். புரோகிராம் அழகாக ஓடும். திரையில் ஒரு எண் வரும். புள்ளி வைத்து இரண்டு தசமத்தோடு வரும். அது தப்பாக இருக்கும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஐந்து மாணவர்கள், ஐந்து மதிப்பெண்கள்: 72, 45, 88, 61, 95. கூட்டினால் 361. ஐந்தால் வகுத்தால் 72.2. காகிதமும் பென்சிலும் இருந்தால் ஒரு நிமிட வேலை. இனி இதையே கற்றுக்குட்டி எழுதிய புரோகிராம் எப்படியெல்லாம் சொல்லும் என்று பாருங்கள்.

சராசரி 19 என்று வருகிறது. வகுப்பிலேயே குறைந்த மார்க் 45. சராசரி எப்படி 19 ஆகும்? கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்கும் வரி லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும். அது உள்ளே மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய கூட்டல் அழிந்து, கடைசி மார்க்கான 95 மட்டும் மிஞ்சியது. அதை ஐந்தால் வகுத்தால் 19. அந்த ஒரு வரியை லூப்புக்கு மேலே எடுத்துவைத்தால் இது சரியாகிவிடும்.

இன்னொருவருக்குச் சராசரி 57.8. இது 45-க்கும் 95-க்கும் நடுவில்தான் இருக்கிறது. பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் தப்பு. பைத்தானில் பட்டியலின் முதல் உறுப்புக்கு எண் 1 அல்ல, பூஜ்யம். 1-லிருந்து எண்ணத் தொடங்கியவர் முதல் மாணவரின் 72-ஐ விட்டுவிட்டார். மீதி நான்கைக் கூட்டினால் 289, ஐந்தால் வகுத்தால் 57.8. எக்செல் தாளில் ஐந்து நாடுகள் விடுபட்டதும் ஏறத்தாழ இதே கதைதான். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்ற இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் தப்பிவிட்டது.

மூன்றாமவர் சி பிளஸ் பிளஸ்காரர். அவருக்குச் சராசரி 72. பின்னத்தைக் காணோம். கூட்டுத்தொகையும் முழு எண், எண்ணிக்கையும் முழு எண் என்றால் அந்த மொழி விடையையும் முழு எண்ணாகவே தரும், மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். 0.2 போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதே மாணவர் சதவீதம் கணக்கிடும்போது வேடிக்கை தெரியும். 500-க்கு 361 எடுத்தவருக்கு முதலில் 361-ஐ 500-ஆல் வகுத்துப் பிறகு 100-ஆல் பெருக்கினால், முதல் படியிலேயே விடை பூஜ்யம். பூஜ்யத்தை நூறால் பெருக்கினாலும் பூஜ்யம். எழுபத்திரண்டு சதவீத மாணவர் முட்டை வாங்கிவிட்டார். பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்பிலும் இந்தத் தொல்லை இருந்தது. மூன்றாம் பதிப்பில் மாற்றினார்கள். 2020 ஜனவரி 1-ம் தேதியோடு பழையதற்கு ஆதரவும் நின்றது. சி பிளஸ் பிளஸ் இன்றும் அப்படித்தான்.

லடாக்கில் தவறும் விடை

மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க எல்லோரும் ஒரே தந்திரம்தான் செய்கிறார்கள். ‘இதுவரை பார்த்ததில் பெரியது’ என்று ஒரு மாறியை வைத்து அதில் முதலில் பூஜ்யம் போடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணாக வரும்போது அது பெரிதாக இருந்தால் மாற்றிக்கொள்கிறார்கள். மார்க்குக்கு இது சரிவரும். மிகச் சிறியதற்கும் அதே பூஜ்யத்தைப் போட்டால் விடை எப்போதும் பூஜ்யம்தான். 45-ஆவது, 61-ஆவது, எதுவும் பூஜ்யத்தைவிடச் சிறியதல்லவே. இதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

பெரியதில் உள்ள தப்போ சென்னையில் தெரியாது, லடாக்கில் தெரியும். ஜனவரி இரவில் மைனஸ் 12, மைனஸ் 9, மைனஸ் 15 டிகிரி என்று பதிவான வெப்பநிலைகளைக் கொடுத்தால், மிக அதிகம் பூஜ்யம் டிகிரி என்று சொல்லும் புரோகிராம். அப்படியொரு வெப்பநிலை பதிவாகவே இல்லை. மருந்து எளிது: பூஜ்யத்துக்குப் பதில் பட்டியலின் முதல் எண்ணையே வைத்துத் தொடங்க வேண்டும்.

இடைநிலை அளவு என்பது வரிசையின் நடுவில் இருப்பது. நம் பட்டியலில் நடுவில் இருப்பது 88. அதையே விடையாகச் சொல்லிவிடும் புரோகிராம்கள் ஏராளம். முதலில் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும் என்பது மறந்துபோகிறது. 45, 61, 72, 88, 95 என்று அடுக்கினால் நடுவில் 72. ஆறாவது மாணவர் வந்தால் இன்னொரு சிக்கல். நடுவில் இருவர் இருப்பார்கள், இருவரின் சராசரியை எடுக்க வேண்டும். ஒற்றைப்படைக்கு மட்டும் சோதித்துப் பார்த்தவரின் புரோகிராம் இரட்டைப்படையில் தடுக்கி விழும்.

பைத்தானில் விசைப்பலகை வழியாக வருவது எதுவானாலும் அது எழுத்தாகவே வந்து சேரும். எண்ணாக மாற்றாமல் 72-ஐயும் 45-ஐயும் கூட்டினால் 117 வராது, 7245 வரும். அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவோம். ஆனால் 9, 72, 100 என்று மூன்றை எழுத்தாகவே வைத்து எது பெரியது என்று கேட்டால் 9 என்று பதில் வரும். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தைப் பார்த்தே அது முடிவெடுக்கிறது. இரண்டு இலக்க மார்க்குகள் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு மாணவர் நூற்றுக்கு நூறு எடுக்கிற அன்றுதான் புரோகிராமின் குட்டு வெளிப்படும்.

இரண்டு விடை, இரண்டும் சரி

திட்ட விலக்கத்தில் விவகாரம் வேறு. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு இது. ஒவ்வொரு மார்க்கும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் நம் ஐவருக்கு 1634.8 வரும். இதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 18.08. 4-ஆல் வகுத்தால் 20.22. எது சரி?

இரண்டுமே. அந்த ஐந்து பேர்தான் முழு வகுப்பு என்றால் 5. பெரிய கூட்டத்திலிருந்து மாதிரிக்கு எடுத்த ஐவர் என்றால் ஒன்று குறைத்து 4. மாதிரியின் சராசரி அந்த மாதிரிக்கே நெருக்கமாக இருப்பதால் சிதறல் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் ஒன்றைக் குறைக்கிறார்கள். பைத்தானிலேயே பரவலாகப் பயன்படும் நம்பை தொகுப்பு தானாக 5-ஐ எடுத்துக்கொள்ளும், பாண்டாஸ் தொகுப்பு 4-ஐ எடுத்துக்கொள்ளும். ஒன்றில் போட்டுவிட்டு மற்றதில் சரிபார்க்கும் மாணவர் தன் புரோகிராமில் இல்லாத பிழையை ராத்திரி முழுக்கத் தேடுவார். புரோகிராமைத் திருத்தும் முன் கேள்வியைத் திருத்த வேண்டிய இடம் இது.

இதே கணக்கில் பெரியவர்களையும் கவிழ்த்த பிழை ஒன்று உண்டு. வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்தால் போதும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு குறுக்குவழி இருக்கும். காகிதத்தில் அது சரியே. ஆனால் 100 கோடியே ஒன்று, 100 கோடியே இரண்டு, 100 கோடியே மூன்று என்ற எண்களை அதில் போட்டுப் பாருங்கள். 100 கோடியின் வர்க்கம் 19 இலக்கம். கம்ப்யூட்டர் வழக்கமாகச் சுமார் 16 இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். வால் இலக்கங்கள் உதிர்ந்துபோகும். நமக்கு வேண்டிய வித்தியாசமோ அந்த வாலில்தான் இருக்கிறது. இரண்டு பிரம்மாண்டமான எண்களைக் கழித்தபின் மிஞ்சுவது குப்பை. மைக்ரோசாஃப்டின் எக்செல்லே 2003-ம் ஆண்டுப் பதிப்புக்கு முன்புவரை இந்தக் குறுக்குவழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அதைத் தவிர்க்கும் பாதுகாப்பான முறையை பி.பி. வெல்ஃபோர்ட் என்பவர் 1962-லேயே எழுதிவைத்திருந்தார்.

பூச்சி பிடிக்கும் வித்தை

புரோகிராமில் உள்ள பிழைக்கு ‘பக்’, அதாவது பூச்சி என்று பெயர். 1947 செப்டம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டருக்குள் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்ததுதான். பூச்சி கிடைத்ததில் பெயர் நிலைத்துவிட்டது.

பிழை நீக்கத்தை ஆரம்ப மாணவர்கள் பெரும்பாலும் ஜோசியம்போலச் செய்கிறார்கள். இங்கே ஒன்றைக் கூட்டு, அங்கே ஒன்றைக் குறை, ஓட்டிப் பார். விடை ‘சரியாக’ வந்ததும் நிறுத்திவிடு. பல சமயம் ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிட்டிருக்கும். முறையாகச் செய்ய நாலைந்து வழிகள் போதும். எதற்கும் காசு செலவில்லை.

முதலாவது, விடையை முன்கூட்டியே தெரிந்துகொள்வது. கையால் போட முடிகிற அளவுக்குச் சின்னப் பட்டியலை எடுத்து, விடையைக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் புரோகிராமை ஓட்ட வேண்டும். திரையில் வந்த எண்ணைப் பார்த்தபிறகு ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, அழகான எண்களை நம்பக்கூடாது. வகுப்பறையில் சோதனைக்கு வழக்கமாகக் கொடுப்பது 10, 20, 30, 40, 50. இந்தப் பட்டியலுக்குச் சராசரி 30 என்று முழு எண்ணாக வருவதால், பின்னத்தை விழுங்கும் பிழை வெளியே தெரியாது. ஏற்கெனவே ஏறுவரிசையில் இருப்பதால் வரிசைப்படுத்த மறந்த பிழையும் தெரியாது. எல்லாமே இரண்டு இலக்கம் என்பதால் எழுத்தா, எண்ணா என்ற குழப்பமும் தெரியாது. மூன்று பிழைகளோடு ஒரு புரோகிராம் முழு மார்க் வாங்கிவிடும். கலைந்து கிடக்கும் எண்கள், பின்னம் வரும் எண்கள், எதிர்மறை எண்கள், ஒரே எண் பலமுறை, ஒரே ஓர் எண், காலிப் பட்டியல் என்று விதவிதமாகக் கொடுத்தால்தான் உண்மை வெளிவரும்.

மூன்றாவது, பழைய ‘டிரை ரன்’. எத்தனையோ இந்திய மாணவர்கள் கம்ப்யூட்டரைத் தொடும் நேரம் குறைவாக இருந்ததால் கற்றுக்கொண்ட வித்தை இது. காகிதத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் எழுதிக்கொண்டே போவது. கூட்டுத்தொகை 72, 117, 205, 266, 361 என்று வளர வேண்டும். லூப்புக்குள் அதை அச்சிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் கம்ப்யூட்டர் தன் பட்டியலைக் காட்டும். இரண்டும் எந்த வரியில் பிரிகின்றனவோ அங்கேதான் பூச்சி.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஐந்தாவது, அடுத்தவரிடம் சத்தமாக விளக்குவது. ‘இந்த வரியில் முதல் மார்க்கை எடுக்கிறேன்’ என்று சொல்ல வாயெடுக்கும்போதே, எடுக்கவில்லை என்பது உறைக்கும். கேட்க ஆள் கிடைக்காதவர்கள் மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் விளக்கினார்களாம். 1999-ல் வந்த ஒரு புரோகிராமிங் புத்தகத்தால் இந்த வாத்து பிரபலமானது.

பெரிய இடத்துத் தப்புகள்

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு புதிய குறியீட்டெண்ணை 1,000 புள்ளியில் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 3,000 முறை அதைக் கம்ப்யூட்டர் திருத்தியது. ஒவ்வொரு முறையும் மூன்று தசமத்துக்குப் பிறகு உள்ளதைத் தோராயப்படுத்தாமல் வெட்டி எறிந்தது. வெட்டியது தூசி அளவு. ஆனால் எப்போதும் கீழ்நோக்கியே வெட்டியது. சுமார் இரண்டு ஆண்டில் குறியீட்டெண் 524 புள்ளிக்கு இறங்கியிருந்தது. 1983 நவம்பரில் பிழையைத் திருத்தியதும் 1,098 ஆனது. வகுப்பறையில் நாம் போகட்டும் என்று விட்ட 0.2 நினைவிருக்கிறதா?

2020-ல் கொரோனா இரண்டாம் அலையை நெருங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் வராமல் போனார்கள். பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் உதிர்ந்துவிட்டது. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை பல நாள் தாமதமானது.

நம் நாட்டிலும் நடந்ததுதான். 2012 ஜனவரி மாதத்தில் தொழில் உற்பத்தி 6.8 சதவீதம் வளர்ந்தது என்று மத்திய அரசின் குறியீட்டெண் அறிவித்தது. பங்குச் சந்தையும் ரிசர்வ் வங்கியும் உன்னிப்பாகக் கவனிக்கும் எண் அது. ஏப்ரலில் அது 1.1 சதவீதம் என்று திருத்தப்பட்டது. காரணம் சர்க்கரை. அந்த மாத உற்பத்தி சுமார் 58 லட்சம் டன் என்பதற்குப் பதில் 134 லட்சம் டன் என்று பதிவாகிவிட்டது. இங்கே சூத்திரத்தில் பிழையில்லை, உள்ளே போன ஓர் எண்ணில் பிழை. சராசரி எடுக்கும் எந்தக் கணக்கும் ஒரே ஒரு முரட்டு எண்ணுக்கு மொத்தமாகச் சாய்ந்துவிடும். நல்ல புரோகிராம் கணக்குப் போடும் முன் உள்ளே வருவதைச் சோதிக்க வேண்டும். 100-க்கு 720 மார்க் என்று வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டும். தேர்வுக்கு வராதவரைப் பூஜ்யம் என்று எழுதினால் அதையும் கேட்க வேண்டும். வராதவர் வேறு, பூஜ்யம் வாங்கியவர் வேறு.

இப்போது புரோகிராமைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலே எழுதித் தந்துவிடுகிறது. இலக்கணப் பிழை அநேகமாக இருக்காது. அதனால்தான் மூன்றாவது ரகப் பிழைக்கு முன்னைவிட அதிகக் கண் வேண்டியிருக்கிறது. எழுதியது யாராக இருந்தாலும், 72.2 வர வேண்டிய இடத்தில் 57.8 வந்தால் அது தப்பு என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

மகலனோபிஸ் வழி

இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப்படும் பி.சி. மகலனோபிஸ் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தக் கவலையில் இருந்தவர். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், வங்காளத்தின் சணல் விளைச்சலைக் கணக்கெடுக்கும் பணியில் ஒரு முறையைக் கையாண்டார். ஒரே பகுதிக்கு இரண்டு மாதிரிகள், இரண்டு குழுக்கள். ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ தப்பு. புரோகிராம் சோதனையில் இன்று ‘இரண்டு வழியில் போட்டுப் பார்’ என்று சொல்வது இதைத்தான். கூட்டுத்தொகையை நீங்களே லூப் போட்டு எடுங்கள். பிறகு மொழியிலேயே உள்ள தயார் வசதியாலும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகட்டும்.

ஹெர்ன்டன் செய்ததும் இரண்டாவது குழுவின் வேலைதான். அவர் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீதம்.

ஆனால் இந்த வித்தியாசம் முழுவதும் அந்த ஐந்து வரிகளால் வந்ததல்ல. எக்செல் பிழையின் பங்கு 0.3 சதவீதப் புள்ளிதான். மீதி, கட்டுரை ஆசிரியர்கள் எடுத்த முடிவுகளால் வந்தது. பிரிட்டன் 19 ஆண்டுகள் கடன் எல்லைக்கு மேல் இருந்து சராசரியாக 2.4 சதவீதம் வளர்ந்தது. நியூசிலாந்துக்குக் கணக்கில் வந்தது 1951 என்ற ஒரே ஆண்டு, மைனஸ் 7.6 சதவீதம். இரண்டுக்கும் சராசரியில் ஒரே எடை. நியூசிலாந்தின் நல்ல ஆண்டுகள் சில கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. ரெய்ன்ஹார்டும் ரோகாஃபும் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். எடை கொடுத்த முறையை நியாயப்படுத்தினார்கள், கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்ற அடிப்படைக் கருத்திலிருந்தும் மாறவில்லை. அந்த விவாதம் பொருளாதாரத்தில் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

புரோகிராம் பழகும் மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இது. 44-ஐ 49 ஆக்குவது பிழை நீக்கம், அதில் வாதமில்லை. யாருக்கு எவ்வளவு எடை, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, 4-ஆல் வகுப்பதா 5-ஆல் வகுப்பதா என்பவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். அவற்றை எந்த டிரை ரன்னும் பிடித்துத் தராது. வெளிப்படையாக எழுதிவைத்தால்தான் அடுத்தவர் கேள்வி கேட்க முடியும்.

தங்கள் கோப்பைக் கேட்ட ஒரு மாணவருக்கு அந்த இரண்டு நிபுணர்களும் அதை மறைக்காமல் அனுப்பினார்கள். அனுப்பாமல் இருந்திருந்தால், ஹெர்ன்டன் இன்றுவரை தன் வீட்டுப்பாடத்தில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.